கப்பல் பாட்டு

"இன்னும் கொஞ்சம் முன்னாடி போவோம் விஜி. இங்கருந்து பார்த்தா மேடை தீப்பெட்டி சைஸ்லதான் தெரியும்" என்று கையைப் பிடித்து இழுத்தாள் பானு.

விஜயகுமாரி நகரவில்லை. போர்ட் பிளேரின் கடற்கரை மைதானம் முழுக்கத் தலைகள். ஒன்றரை வருடமாக ரங்கத் ஊர் பஸ் டிப்போவின் டிக்கெட் கவுன்ட்டரையும் வீட்டையும் தவிர வேறெதையும் பார்க்காதவளுக்கு அந்தக் கூட்டமே ஒரு தனி ஊராகத் தெரிந்தது.

கடல் கடந்து மெயின்லேண்டில் வேலை தேடிக்கொண்டு அவளையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிக் கப்பல் ஏறினான் அவள் புருஷன் ஸ்ரீநிவாஸ். மூன்றாம் மாதம், சென்னையில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று சேதி வந்தது. அன்று படுத்த விஜி மாதக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை. பானுதான் தினமும் வந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்கு ஊசி போடுகிறவள். வேலை முடிந்ததும் நேராக வந்து கஞ்சி வைப்பாள், தலைவாரி விடுவாள், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வராது.

பிறகுதான் அந்தப் பாட்டு வந்தது. போர்ட் பிளேர்க்காரன் தமிழ்வாணன் தன் குழுவோடு பாடிய பாட்டு. பஸ்ஸில், படகில், டீக்கடையில் எங்கும் அதுவே ஒலித்தது. ஒரு நாள் காலை விஜி அதைப் போனில் போட்டுக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். மறுநாள் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அதன் பிறகு அந்தப் பாட்டைக் கேட்காமல் அவளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை இசை விழாவில் தமிழ்வாணன் பாடுகிறான் என்று தெரிந்ததும் பானு அவளைக் கேட்கக்கூட இல்லை. விஜியின் கவுன்ட்டருக்கே வந்து போர்ட் பிளேருக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். அங்கே ஷாதிபூரில் தன் அத்தை வீட்டில் இரவு தங்கி, காலையிலேயே மைதானத்துக்கு இழுத்து வந்துவிட்டாள்.

முதலில் நிகோபாரிக் குழு பாடியது. அடுத்து பெங்காலிப் பாட்டு. ராஞ்சிக்காரர்கள் மத்தளம் அடிக்க ஆரம்பித்தபோது விஜியின் கால் தானாகத் தாளம் போட்டது. மத்தியானம் சடசடவென்று ஒரு மழை. யாரும் ஓடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத பெண்களோடு சேர்ந்து நனைந்து ஆடினாள் விஜி. மூச்சு வாங்கச் சிரித்தபடி திரும்பினால், பக்கத்தில் பானுவைக் காணோம்.

அப்படி அவள் காணாமல் போவது அன்று மூன்றாவது தடவை. போன் வரும், உடனே தள்ளிப் போய் ஹிந்தியில் குசுகுசுப்பாள். யாரென்று கேட்டால் அத்தை என்பாள்.

விஜி தேடிக்கொண்டு போனாள். மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டியின் அருகில் பானு நின்றிருந்தாள். அவள் எதிரே தாடிக்காரன் தமிழ்வாணன். கைகூப்பாத குறையாக அவன் எதையோ கெஞ்ச, முடியாது என்று தலையாட்டிய பானு, போகும்போது அவன் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

எந்தக் குரலைக் கேட்டு விஜி எழுந்து நின்றாளோ, அந்தக் குரலுக்கு உரியவனைப் பானுவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பானு திரும்பி வந்தாள். அத்தைதான் போனில், சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள் என்றாள்.

"அத்தை எப்பலேருந்து தாடி வளர்க்கிறாங்க?"

பானு கையிலிருந்த போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"மறைக்கிற அளவுக்கு ஆயிடுச்சா? சரி, நல்லாரு. நீயும் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போயிருவ, அப்படித்தானே?"

"அரே, நீ நெனைக்கிற மாதிரி இல்லடி. பாட்டு முடியட்டும், எல்லாம் சொல்றேன்."

சூரியன் இறங்கியது. தமிழ்வாணன் மேடை ஏறினான். கிதாரின் முதல் மீட்டலிலேயே மைதானம் எழுந்து நின்றது.

'கப்பல் போனால் போகட்டும் சகி, கரை எங்கேயும் போகலியே!'

தமிழர், தெலுங்கர், வங்காளி என்ற வித்தியாசமில்லாமல் ஆயிரக்கணக்கான தொண்டைகள் அதைப் பாடின. கோபத்தோடு நின்றிருந்த விஜியின் வாயும் திறந்துகொண்டது. இத்தனை நாளும் தலையணைக்குள் முணுமுணுத்த வரியை அடிவயிற்றிலிருந்து பாடினாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக ஸ்ரீநிவாஸின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அது ஏதோ ஒரு பஸ் பயணியின் முகமாகத்தான் இருந்தது. கையை உயர்த்தி, கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரியைக் கத்தினாள்.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தமிழ்வாணன் மைக்கை நெருங்கினான்.

"எல்லாரும் இது நான் எழுதுன பாட்டுன்னு நெனைக்கிறீங்க. இல்ல. எழுதுனவங்க ரங்கத்துலேருந்து வந்து உங்க நடுவுலதான் நிக்கிறாங்க. மேடைக்கு வாங்கன்னு காலையிலேருந்து கெஞ்சுறேன், வரமாட்டேங்கறாங்க."

கூட்டம் ஆரவாரித்துத் தேடியது. விஜியும் கால்நுனியில் நின்று நாலாபக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் முந்தானையை யாரோ மெல்ல இழுத்தார்கள்.

"அங்கெல்லாம் தேடாத" என்றாள் பானு, தரையைப் பார்த்தபடி. "உன்கிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல, அதான் எழுதினேன். 'சகி'ன்னு மாத்துனது பாடினவங்கதான். நான் 'விஜி'ன்னுதான் எழுதியிருந்தேன்."