கடைக்கு வந்தால் ஊமை

வஹீபா தீ அலாரத்தைக் கடை மேசைமேல் ஓங்கி வைத்த வேகத்தில் பல்புப் பெட்டிகள் இரண்டு சரிந்து விழுந்தன.

"இது ரெண்டாவது. முதல்ல குடுத்ததும் இதே கேடுதான். அல்லா மேல ஆணையாச் சொல்றேன் லக்தர் அண்ணே, நீங்க விக்கிறது அலாரம் இல்ல, தலைவலி."

கடைக்காரர் லக்தருக்கும் கோபம் மூக்குக்கு மேல்தான். போன வாரம் அவள் முதல் அலாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேறொன்றை வீசாத குறையாகக் கொடுத்து அனுப்பியவர். இன்று விடுமுறை. செத்தீஃப் நகரமே பனியில் மூடிக் கிடந்தாலும் கடையில் ஆள் இருந்தது.

வஹீபாவுக்குப் பணம் வேண்டாம். மானம் வேண்டும்.

பக்கத்துக் கட்டடத்தில் மெத்தை பற்றி எரிந்த மறுநாளே, நம் வீட்டுக்கும் தீ அலாரம் வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள். கணவனுக்குத் தெற்கே பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை. வீட்டில் அவளும், மகள் நெஜ்மாவும், மாமியார் தௌஸும்தான். "எரியாத வீட்டுக்கு எதுக்குடி மணி?" என்று மாமியார் அன்றே கேட்டாள்.

மாட்டிய நாளிலிருந்து, கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்துக் கொஞ்ச நேரம் ஆனால் போதும், அது அலறும். புகை இல்லை. தீ இல்லை. அடுப்பில் எதுவும் தீயவில்லை. ஆனாலும் அலறும்.

மாமியார் காதைப் பொத்திக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மருமகளின் புத்திசாலித்தனத்தைப் பாடுவாள். வஹீபா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு அதுதான் பழக்கம்.

நேற்று அதைப் பிடுங்கிப் பேட்டரியைக் கழற்றியது அவளேதான். மாமியார் கைதட்டினாள்.

லக்தர் பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். கீச்சென்று கத்தியது. விரலை எடுத்ததும் அடங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். அது கம்மென்று இருந்தது.

"பாத்தீங்களா? இங்க வந்தா ஊமை. எங்க வீட்ல மட்டும்தான் இந்த ஆட்டம்."

"உன் மாமியார் மாதிரிதான் தங்கச்சி. வெளியாளுங்க முன்னாடி சாது," என்றார் பல்பு வாங்க வந்த பெரியவர். கடையே சிரித்தது.

வஹீபா சிரிக்கவில்லை. மாமியாருக்குப் போன் போட்டுத் தருவேன், மருமகள் முட்டாள் இல்லை, விற்ற நான்தான் ஃபிராடு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றாள். சொல்லாமல் நகர மாட்டேன் என்றாள்.

லக்தர் வாய்க்கு வந்ததைச் சொல்லத்தான் போனார். அதற்குள் ஏதோ உறைக்க, கையிலிருந்த அலாரத்தையே பார்த்தார்.

"சுவத்துல காத்து போக ஒரு ஓட்டை விட்டிருப்பாங்களே. அது திறந்திருக்கா?"

"பேச்சை மாத்தாதீங்க. இந்தக் குளிர்ல எவ ஓட்டையைத் திறந்து வெப்பா? அத்தை பழைய கம்பளியைத் திணிச்சு மேல டேப்பும் ஒட்டிட்டாங்க."

"இப்ப வீட்ல யாரு?"

"அத்தையும் பொண்ணும். ஹீட்டர்கிட்டதான் படுத்திருக்காங்க. பனி கொட்டுதேன்னு கிளம்பறப்போ சூட்டைக் கூட்டி வெச்சுட்டு வந்தேன். இது வாயை மூடினதும் என்ன ஒரு தூக்கம்! விடிகாலை ஃபஜ்ர் தொழுகையை ஒரு நாள் விடாதவங்க, இன்னிக்கு நான் உலுக்கியும் எந்திரிக்கல..."

லக்தர் மேசையைத் தாண்டிக் குதித்தார். அவள் கோட்டுக் கையைப் பிடித்து, வாசலில் நின்ற தன் வேனுக்கு இழுத்தார். கடை திறந்தபடி கிடந்தது. பெரியவர் அதற்குள் தீயணைப்புப் படைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது தீயைப் பாத்துக் கத்தலம்மா! புகை, விஷக்காத்து ரெண்டுக்கும் கத்தும்னு விக்கும்போதே சொன்னேனே. ஹீட்டர்லேருந்து வர்ற காத்து, ஓட்டையை அடைச்சா உள்ளேயே தங்கிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. போனைப் போடு!" ஸ்டியரிங்கைக் குத்தினார். "முதல் தடவையே கேட்டிருக்கணும், மடையன் நான்."

போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. முதல் மணியிலேயே எடுத்து, எங்கே சுத்துறே என்று கேட்கிறவள் மாமியார். கடைசியில் எடுத்தது நெஜ்மா.

"அம்மா... தலை சுத்துது."

வஹீபா கத்தினாள். ஜன்னலைத் திற. கதவைத் திற. ஹீட்டரை அணை. குழந்தையிடம் இப்படி அவள் ஒருநாளும் கத்தியதில்லை. நெஜ்மா அழுதுகொண்டே ஓடுவது கேட்டது. பிறகு போனுக்குள் காற்று இரைந்தது.

"பாட்டி எந்திரிக்க மாட்டேங்குறாங்கம்மா."

"போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பாட்டி காதுல வை. நீ ஜன்னல்கிட்ட போய் நில்லு."

வேன் பனியில் வழுக்கி வழுக்கிப் போனது.

"அத்தை," என்றாள். பதில் இல்லை. "அத்தை!"

அப்புறம் வேறு குரலில் ஆரம்பித்தாள்.

"ஏய் கிழவி! எந்திரி! நான் சமைக்கிற கூஸ்கூஸ் கல்லு மாதிரின்னு ஊரெல்லாம் சொன்னியே, உன் மூஞ்சிதான் கல்லு. பொட்டப்புள்ளை பெத்தேன்னு ஆஸ்பத்திரிக்குக்கூட வராதவதானே நீ? என் கல்யாண வளையலை உன் பொண்ணு கையில மாட்டி விட்டவதானே? சூனியக்காரி! ரோஷம் இருந்தா எந்திரிச்சு வந்து என்னை ஒரு அறை அறை பாப்போம்!"

லக்தர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். வஹீபாவுக்குக் கண்ணீர் கொட்டியது, வாய் ஓயவில்லை. இத்தனை காலம் விழுங்கியதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துப் போட்டாள்.

போனில் ஒரு முனகல் கேட்டது. இருமல் கேட்டது.

"யாரை... யாரைடி கிழவிங்கிறே?"

"உன்னைத்தான்," என்றாள் வஹீபா. திட்டுவதை அவள் நிறுத்தவில்லை.