நாச்சிமுத்துவின் காது

"செவிடனை எதுக்குங்க சோதிக்கிறீங்க? அம்மிக்கல்லை உக்கார வெச்சாலும் இதேதான்!"

கைலாசம் சொன்னதும் எடப்பாடி நெசவாளர் தெருவே கொல்லென்று சிரித்தது. நாற்காலியில் இருந்த நாச்சிமுத்துவும் சிரித்தான். கேட்டா சிரித்தான்? எல்லாரும் பல்லைக் காட்டினார்கள், அவனும் காட்டினான்.

பட்டணத்திலிருந்து கோட்டு போட்ட ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்திருந்தார். கண்ணைக் கட்டிவிட்டால், சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், நிற்கிறதா நகர்கிறதா என்று காதுக்கு எப்படித் தெரிகிறது என்பதைக் கண்டுபிடிக்கிறாராம். அதிலும் நாளெல்லாம் தறிச் சத்தத்தில் கிடக்கிறவர்கள் காது எப்படியென்று பார்க்க வேண்டுமாம். இதற்கு வெள்ளைக்காரன் சம்பளம் வேறு கொடுக்கிறான், பாருங்கள்!

கண்ணைக் கட்டி மணியடித்தால் சத்தம் வந்த பக்கம் கையை நீட்ட வேண்டும். கைலாசம் நீட்டிய விரல் நேரே ஆராய்ச்சிக்காரர் மூக்குத் துவாரத்தில் போய் நின்றது. அந்தக் கடுப்பில்தான் பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவை இழுத்து வந்து உட்கார வைத்திருந்தான்.

நாச்சிமுத்துவிடம் பேசுவதற்குள் தொண்டை வறண்டுவிடும். "இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க!" என்று காதைக் காட்டுவான். அவன் வீட்டுக்குப் போனால் அத்தனை பேரும் அலறித்தான் பேச வேண்டும். "பாவம் பூவாத்தா, செவிடனுக்கு வாக்கப்பட்டு அவளும் கத்திக் கத்தியே பேசறா" என்று தெருப் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

மணி இடப்பக்கம் அடித்தது. வலப்பக்கம் அடித்தது. காதோரம் வந்து அடித்தது. நாச்சிமுத்து அசையவே இல்லை. கூட்டத்தின் கும்மாளம்தான் கூடியது.

திடீரென்று அவன் விருட்டென எழுந்தான். கண்கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, நாலு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்குள் ஓடினான்.

திரும்பி வரும்போது தோளில் கைக்குழந்தை. தூளியில் முழித்து அழுதிருக்கிறது. பூவாத்தாள் தண்ணிக்குப் போயிருந்தாள்.

"குழந்தை அழுதது உங்க யாருக்காவது கேட்டுதா?" என்றார் ஆராய்ச்சிக்காரர்.

ஒருத்தருக்கும் கேட்கவில்லை. செவிடனுக்குக் கேட்டிருக்கிறது!

"அட நாசமாப் போறவனே! இத்தனை வருசமா எங்களைத் தொண்டை கிழியக் கத்த உட்டு வேடிக்கையா பாத்தே?" கைலாசம் அவன் துண்டைப் பிடித்து உலுக்கினான். "ஊர்க் கூட்டத்துல நிறுத்தோணும்டா இவனை!" என்று நாலு பேர் கிளம்பினார்கள்.

நாச்சிமுத்துவின் பார்வை தெருமுனைக்குப் போனது. பூவாத்தாள் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணா, உங்க கால்ல வேணா உழுகறேன். இந்தப் பேச்சை நிறுத்துங்க."

என்னவோ ஏதோ என்று கூட்டம் அடங்கியது. பூவாத்தாள் வந்து குடத்தை இறக்கிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். அவன் திரும்பவில்லை. மெல்லிய குரலில் சொன்னான்.

"காது போனது எனக்கில்லீங்கண்ணா. இதோ நிக்கறாளே, இவளுக்கு. இவ அக்காளைச் செவிடின்னு புருசன் ஊட்டுல தொரத்தி உட்டாங்க. நமக்கும் அப்படி ஆயிருமோன்னு இவளுக்குக் கண்ணாலம் ஆன நாள்லருந்தே பயம். மொதக் குழந்தை பொறந்ததுலருந்து இவளுக்கும் காது கொறஞ்சுட்டே வருது. அது இவளுக்கே தெரியாதுங்க. நான் செவிடனாயிட்டா எல்லாரும் எங்க ஊட்டுல கத்திப் பேசுவீங்கள்ல? இவளுக்கும் கேட்டுரும்."

கூட்டம் பூவாத்தாளைப் பார்த்தது. அவள் சாவகாசமாகக் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கைலாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். "ஏனுங்க, எல்லாரும் பேயறஞ்ச மாதிரி நிக்கறீங்க? சோதனை என்னாச்சுங்க?" என்று கத்தினாள்.

ஆராய்ச்சிக்காரர் வாயைத் திறந்தார். கைலாசம் அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தான். பிறகு நாச்சிமுத்துவின் காதில் வாயை வைத்து, தெருவே அதிரக் கத்தினான்:

"அடேய் செவிட்டுப் பயலே! உனக்குச் சுத்தமாக் காது கேக்காதுன்னு தொரையே சொல்லிட்டாருடா!"