தட்டைச் சுழற்றும் விதம்

தங்கம் தேடிக் கடல் தாண்டிப் போனவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள் என்று ஜெசிந்தா டீச்சர் மூன்றாவது முறையாகச் சொன்னாள். "நாமளும் போலாமா டீச்சர்?" என்றுதான் வகுப்பு மறுபடியும் கூவியது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு, சத்துணவுத் தட்டில் மணலும் நீரும் எடுத்து, அந்தக் காலத்தில் அவர்கள் தங்கம் அரித்ததைப்போலச் சுழற்றிக் காட்டினாள். மொத்தமும் அவள் சேலையிலேயே கொட்டியது. சிரிப்பு அடங்குவதற்குள், "அப்படிச் சுத்துனா தங்கமும் சேந்து போயிரும் டீச்சர்" என்றாள் கடைசி பெஞ்சு வேணி. "உனக்கெப்படித் தெரியும்? வந்து காட்டு." வேணி எழவில்லை. "அவங்கம்மா நகைப்பட்டறைத் தெருவுல சாக்கடை மண்ண அரிச்சுத் தங்கத்தூள் எடுக்கிறவங்க டீச்சர்" என்றான் ஒருவன். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். ஜெசிந்தா போட்ட அதட்டல் அவளுக்கே கேட்கவில்லை.

மதியம் குழாயடியில் வேணி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். லேசாகச் சாய்த்து மெல்ல ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நீரெல்லாம் விளிம்பு வழியாக வழிந்துபோக, நடுவில் ஒரே ஒரு சோற்றுப்பருக்கை அசையாமல் நின்றது. ஜெசிந்தா தன்னையறியாமல் அருகே போனாள்.

"எனக்கும் சொல்லித் தாயேன், வேணி."

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்று, நிமிர்ந்தும் பாராமல், அவள் தட்டைக் கவிழ்த்தாள்.