முதல் நாற்காலி

வந்தவர் நேராகப் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் சலூனில் நாற்காலி இரண்டு. ஜன்னலோரம் இருப்பது அப்பாவுடையது, சுவரோரம் இருப்பது என்னுடையது. புதிதாக வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி என் நாற்காலிக்குக் கூட்டிவந்துவிடுவேன். இன்று ஒருவருக்குக் காதோரம் கத்தரித்துக்கொண்டிருந்ததில் கவனிக்கத் தவறிவிட்டேன்.

மூன்று நாள் தாடி. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

“பளிச்சுன்னு ஆக்கிவிடுங்கண்ணே. பக்கத்துத் தெருவுக்குப் புதுசா வந்திருக்கோம். மத்தியானம் வேலையில சேரணும்.”

“மாப்பிள்ளை மாதிரி அனுப்புறேன்” என்று அப்பா துண்டை உதறிக் கழுத்தில் சுற்றிவிட்டார்.

இனி அவரை எழுப்ப முடியாது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள், மழித்த கன்னத்தையே மறுபடி மழித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து, வாடிக்கையாளர் முன்னாலேயே கத்தியைப் பிடுங்கிவிட்டேன். அவர் கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி, “இது யாரு கடை?” என்று கேட்டார். பிறகு பதினோரு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எண்ணி வைத்திருக்கிறேன்.

பதினோராம் நாள் மாலை மருந்துக்கடைக்காரர் பள்ளிக்கூட ஹாலில் மறதி நோயைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார். நாற்பது பேர் வந்தார்கள். பேச வந்த நர்ஸம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: தப்பைத் திருத்தாதீர்கள், கூடவே நடந்து போங்கள்.

மறுநாள் காலை கடை வாசலில் ஆறு பேர் நின்றார்கள். அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, நாளுக்கு ஒருவராக அவரிடம் வருவது என்று தங்களுக்குள் கிழமை பிரித்துக்கொண்டார்கள். ஞாயிறு மட்டும் யாருக்கும் தோதுப்படவில்லை. அன்று முழுக்க அப்பா காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

இந்த மனிதர் அந்த ஆறு பேரில் இல்லை.

அப்பா நுரை பூசினார். கத்தியை எடுத்தார். இடது கட்டைவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஐம்பது வருஷத்துக் கை. நான் கத்தரிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தேன்.

“பிள்ளைங்க எத்தனை?”

“ரெண்டுண்ணே.”

தாடைக்கு வந்தபோது மறுபடியும், “பிள்ளைங்க எத்தனை?”

வந்தவரின் கண் கண்ணாடி வழியே என்னைத் தேடியது. நான் தலை குனிந்துகொண்டேன்.

“ரெண்டு.”

தொண்டைக்குழியில் கத்தி நின்றது.

“பிள்ளைங்க எத்தனை?”

“ரெண்டுதாண்ணே. இன்னொண்ணு பிறந்தா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். கத்தி மேலே போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரீஷியன் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். “அடடே, யாருய்யா அது என் இடத்துல? வியாழக்கிழமை என் முறையாச்சே!” என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஓரடி பின்னால் போய் நின்று தன் வேலையைப் பார்த்தார்.

வந்தவர் கன்னத்தைத் தடவினார். கை பாதியில் நின்றது.

மூன்று நாள் தாடி, ஒரு மயிர் குறையாமல் அப்படியே இருந்தது.

அப்பாவின் கத்தியில் பிளேடு கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு மறுநாளிலிருந்தே கிடையாது. தினமும் கடை திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை, அதில் பிளேடு இல்லையென்று பார்ப்பதுதான். நுரை சுத்தமாக ஒதுங்கிவிட்டால் அப்பாவுக்கு வேலை முடிந்தது. அந்த ஆறு பேரும் அவர் காலைச் சாப்பாட்டுக்குப் போன பிறகு திரும்பி வந்து என் நாற்காலியில் மழித்துக்கொள்வார்கள்.

“எப்படி இருக்கு?” என்றார் அப்பா.

வந்தவர் கண்ணாடிக்குக் கிட்டே போய், முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“பளிங்கு மாதிரி இருக்குண்ணே.”

அப்பாவின் தோள் நிமிர்ந்தது. ‘பார்த்தியாடா?’ என்பதுபோல என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

அரைகுறை முடியோடு என் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு, வெளியேறியவர் பின்னால் வாசல்வரை ஓடினேன். நான் நன்றி சொல்லுமுன் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“அப்பா கொஞ்சம் வெளிய போனதும் வர்றேன், நீங்க மழிச்சுவிடுங்க. அது இருக்கட்டும், வியாழன் அந்த பெஞ்சுல இருக்கிறவருக்கு. எனக்கு எந்தக் கிழமை?”