மூன்றாம் எண் குளிர்பெட்டி

ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் எண் குளிர்பெட்டி பழுதாகி, மின்சாரம் துண்டிக்கப்பட்டுக் காலியாகக் கிடந்தது. பட்டியலிலிருந்து நீக்கும்வரை அதன் வெப்பநிலையையும் தினமும் குறிக்க வேண்டும் என்பது விதி. பதிவேடு எழுதுகிற பெண் மூன்று முறை தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்துவிட்டாள். தினமும் முப்பத்தேழு டிகிரிதான், மனித உடம்பின் சூடு.

“நாளைக்குத் தணிக்கைக்கு வராங்கம்மா. ரூம் சூடு இருபத்தஞ்சு, பேசாம அதையே போட்டுடு,” என்றார் மேலாளர்.

“பார்த்ததைத்தான் சார் எழுதுவேன். மாத்தி எழுதக் கை வராது.”

மறுநாள் காலையில் முப்பத்தொன்பது காட்டியது. எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வந்த தணிக்கையாளர் அந்தப் பக்கத்தைப் படித்தார். பெட்டியைத் திறந்தார். வெறும் தட்டுகள்தான் இருந்தன. உள்ளே புறங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார்.

“எத்தனை நாளா காய்ச்சல்?” என்று மெல்லக் கேட்டார்.

“இன்னைக்குத்தான் சார்,” என்றவள், துணியை நனைத்துவரப் போனாள்.