மூன்று மணிச் சட்னி

தொற்று கண்ட வீட்டின் வாசலைத் தகரம் அடித்து மூடிவிடுவார்கள். பங்கஜவல்லி மாடியிலிருந்து தெருவின் தகரங்களை எண்ணுவாள். போன வாரம் பதினொன்று, இன்று ஒன்றுகூட இல்லை. ஆனால் எதிர்வீட்டு சகாயமேரி மத்தியானம் மிக்ஸி ஓட்டுவது இருமலை மறைக்கத்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? "மூணு மணிக்கு யாருடி சட்னி அரைப்பா?" என்று போனில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தவள், நான்கு நாளாகத் தானும் வெறும் ஜாரை ஓட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் கணவருக்கு இருமி இருமி மூச்சிழுத்தது.

கணக்கெடுக்கும் பெண் வந்தபோது, மிக்ஸியை அலறவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

"வீட்ல யாருக்காச்சும் இருமல், காய்ச்சல் இருக்காக்கா?"

"யாருக்கும் இல்லம்மா, எழுதிக்கோ!"

"உங்க தெருவுல சுத்தமா குறைஞ்சிடுச்சுக்கா," என்று அந்தப் பெண் சந்தோஷமாக நகர்ந்தாள்.

பங்கஜவல்லி மிக்ஸியை நிறுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"ஏங்க," என்றாள். "ஒரு தடவை இருமுங்களேன்."