வெஸ்ட்பியின் கழுகுக் கண்

"போர்வைய இன்னும் தூக்கிப் புடிங்கய்யா!" என்று கத்தினான் கோச் நோவோட்னி.

உதவிக் கோச் கிளின்ட்டும் இன்னொருவனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மைதான ஓரத்தில் அவனை மறைத்து நின்றார்கள். நெப்ராஸ்காவின் நவம்பர்க் காற்றில் போர்வை படபடத்தது.

எல்லாம் எதிர்ப்பக்கம் நிற்கும் கிழவருக்குப் பயந்துதான்.

அந்தக் கிழவர் வெஸ்ட்பி, எதிரணியான சின்னக் கல்லூரிக்கு நாற்பது வருஷமாக அமெரிக்கக் கால்பந்துக் கோச். மைதானத்துக்குக் கோடு போட்டது, சட்டை துவைத்தது, பஸ் ஓட்டியது எல்லாம் அவர்தான். பஸ்ஸை மட்டும் இரண்டு வருஷமாக மனைவி ஓட்டுகிறார். வயசாகிவிட்டது, பாவம் என்றார்கள்.

ஆனால் ஆட்டத்தில் மட்டும் கிழவருக்கு வயசாகவில்லை. எதிரணிக் கோச் கையசைத்து ஜாடை காட்டினால் போதும், அங்கிருந்தே படித்துவிடுவார், கழுகுக் கண் என்று அந்த வட்டாரமே சொன்னது.

அதனால் இந்த வாரம் நோவோட்னி கைஜாடைக்கே தடை போட்டான். இனி எல்லாம் வாய்வார்த்தை. 'சோளம்' என்றால் எல்லோரும் பின்னால் நின்று காக்க வேண்டும். 'பூசணி' என்றால் மொத்தப் பேரும் முன்னால் பாய வேண்டும். உதட்டசைவைக்கூடக் கிழவர் பார்த்துவிடக் கூடாதென்றுதான் போர்வை.

இன்றும் தோற்றால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று கல்லூரித் தலைவர் காலையிலேயே சிரித்த முகமாகச் சொல்லியிருந்தார்.

நோவோட்னியின் அணிக்கு நான்கு புள்ளி முன்னிலை. மிச்சம் ஒரே ஒரு முயற்சி. பந்து வெஸ்ட்பியின் பையன்களிடம். எல்லைக்கோட்டுக்கு இரண்டே கஜம். பந்தோடு அதைத் தாண்டிவிட்டால் ஜெயம் அவர்களுக்கு.

மதியத்திலிருந்து அவர்கள் பந்தோடு நடுவில்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போதும் முட்டத்தான் போகிறார்கள்.

"பூசணி!" என்று இன்றைக்குப் பலமுறை கத்தியதுபோலவே தொண்டை கிழியக் கத்தினான்.

"பூசணி! பூசணி!" என்று அவன் பையன்கள் வரிசை முழுக்கத் திருப்பிச் சொன்னார்கள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

போர்வைக்கு மேலே எட்டிப் பார்த்தான். வெஸ்ட்பி தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றார். இரண்டு பக்கமும் முழங்கையை ஒட்டி ஒவ்வொரு பையன். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வலது பக்கத்துப் பையனிடம் ஏதோ சொன்னார். அவன் மைதானத்துக்குள் ஓடினான்.

நோவோட்னியின் ஆட்கள் மொத்தமாகப் பாய்ந்தார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலே மெல்ல எழும்பி, எல்லைக்கோட்டுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்த வெஸ்ட்பியின் பையன் ஒருவன் கையில் போய் உட்கார்ந்தது.

அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டிருந்த மிளகாய்க் கறிக் கிண்ணங்களை அப்படியே வைத்துவிட்டு வெஸ்ட்பியின் ஊரே மைதானத்தில் இறங்கியது.

வேலை போயிற்று. ஆனாலும் கோபம் வரவில்லை அவனுக்கு. இந்த மனுஷர் மனுஷர்தானா என்ற மலைப்புதான் வந்தது. வழக்கப்படி கைகுலுக்க மைதானத்தின் நடுவுக்குப் போனான்.

வெஸ்ட்பியும் வந்தார். அதே இரண்டு பையன்களும் கூடவே வந்தார்கள்.

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

நோவோட்னிக்கு ஒரு முழம் தள்ளி, யாருமே இல்லாத இடத்தில் நீண்டது அந்தக் கை. அங்கேயே காத்திருந்தது.

தொப்பிக்குக் கீழே பார்த்தான். கண்கள் திறந்துதான் இருந்தன. அவை யாரையும் பார்க்கவில்லை.

வலது பக்கத்துப் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு நோவோட்னியைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான்.

நோவோட்னி ஓரடி நகர்ந்து, அந்தக் கைக்கு எதிரே போய் நின்றான். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"பூசணிய மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம், தம்பி," என்றார் வெஸ்ட்பி.

திரும்பி வந்தபோது கிளின்ட் போர்வையை மடித்துக்கொண்டிருந்தான்.

"இத்தன மறைச்சும் பாத்துட்டாரே கோச்! கண்ணா அது!"

நோவோட்னி போர்வையின் மறுமுனையை எடுத்துக் கொடுத்தான்.

"ஆமாய்யா," என்றான். "கழுகுக் கண்ணு."